புகைவீடு வரைக்கும் டீச்சர்

ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த அன்றைக்கே, ஆனா ஆவன்னா எழுதுவதற்கு முன்னால், பெற்ற தாயை டீச்சர் என்று கூப்பிடக் கற்றுக்கொண்டேன்.

மலாய் நாட்டுப் பேராக் மாநிலத்தில், ஆயர் தாவாருக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர்த் தோட்டம். தோட்டத்து முகப்பில், மெயின் ரோட்டை ஒட்டி, மிஷன்காரர்கள் கட்டிக் கொடுத்த சின்னக் கிறிஸ்துவத் தமிழ்ப்பள்ளி. பலகைச் சுவர், தகரக் கூரை. வாரநாளில் அது பள்ளிக்கூடம். ஞாயிற்றுக்கிழமை பெஞ்சுகளைத் திருப்பிப் போட்டால் அதுவே சர்ச். ஆறு வகுப்புக்கு மூன்று டீச்சர்கள்தான். அதில் என் அம்மா ஒருத்தி. ஒன்றாம் வகுப்பும் இரண்டாம் வகுப்பும் அவளுடையவை. நான்காம் வகுப்புப் பூகோளமும் அவள் தலையில்தான் விழுந்தது. வேதபாடம் மட்டும் ஆறு வகுப்புக்கும் அவளே. ஆகவே அந்தப் பள்ளியில் படித்த எந்தப் பிள்ளையும் அவளிடமிருந்து தப்பிக்க முடியாது. நான் எங்கே தப்பிப்பது?

எழுபதுகளின் தொடக்கம் அது. முதல் நாள் பக்கத்தில் இருந்த பையன் என் பென்சிலைப் பிடுங்கிக் கடித்துவிட்டான். நான் எழுந்து, "அம்மா, இங்க பாரும்மா" என்று அழுதேன். கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்தவள் திரும்பினாள். வீட்டில் நான் பார்த்த முகம் இல்லை அது.

"இங்க யாருக்கும் நான் அம்மா கிடையாது. எல்லாருக்கும் டீச்சர்தான். ஒக்காரு."

வகுப்பே சிரித்தது. பென்சிலைக் கடித்தவன் எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தான். எனக்கு அழுகைகூட நின்றுபோய்விட்டது. அவ்வளவு பெரிய அவமானம் அதற்கு முன்னால் எனக்கு நடந்ததில்லை.

அவள் பக்கத்து நியாயம் எனக்குப் புரிய ரொம்ப நாளாயிற்று. எங்கள் பள்ளிப் பிள்ளைகள் அநேகமாக எல்லாரும் பால்மரம் வெட்டுகிற, அதாவது ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுக்கிறவர்களின் பிள்ளைகள். விடியும் முன்னே தாய்மார்கள் கத்தியும் வாளியுமாக மரத்துக்குப் போய்விடுவார்கள். பிள்ளைகள் தாங்களாக எழுந்து, தாங்களாகத் தலைவாரி, பெரிய பிள்ளை சின்னப் பிள்ளைக்குத் திருநீறு பூசிவிட்டு வரும். ஆமாம், இயேசுவைக் கும்பிடும் பள்ளிக்கு நெற்றி நிறையத் திருநீறோடுதான் பாதிக்கு மேல் வந்தார்கள். பாஸ்டர் ஒருமுறை அதைப் பற்றி முணுமுணுத்தாராம். தாய் இல்லாத நேரத்தில் பிள்ளைகள் தாமே பூசிக்கொண்டு வருவதைத் தான் அழிக்க முடியாது என்று அம்மா சொல்லிவிட்டாளாம். மற்ற பிள்ளைகளின் அம்மாக்கள் எல்லாம் மரத்தடியில் நிற்கும்போது ஒரு பிள்ளைக்கு மட்டும் வகுப்புக்குள் அம்மா இருப்பது அவளுக்கு அநியாயமாகப் பட்டது. பந்தியில் தன் பிள்ளைக்கு மட்டும் இரண்டு வடை வைப்பது மாதிரி.

சரி, எனக்கு எப்போது அம்மா? அதற்கு ஓர் இடம் வைத்திருந்தாள்.

பள்ளியிலிருந்து எங்கள் வீட்டுக்குச் செம்மண் பாதை. பாதி வழியில், லேசான மேட்டில், புகைவீடு இருந்தது. ரப்பர் ஷீட்டுகளை மூங்கில் கழிகளில் தொங்கவிட்டுப் புகை போட்டு உலர்த்துகிற உயரமான பலகைக் கட்டடம். அதன் நாற்றம் எங்கள் துணி, தலைமுடி, சோறு எல்லாவற்றிலும் இருக்கும். தொழிலாளர் வரிசைவீடுகளான லயங்களின் பிள்ளைகள் புகைவீட்டுக்கு முன்னாலேயே இடதுபக்கம் திரும்பிவிடுவார்கள். புகைவீட்டைத் தாண்டினால் கிராணி வீடு ஒன்றுதான். என் அப்பா தோட்டத்து ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி. அந்த வீட்டில் நாங்கள் மூன்று பேர்.

மணி அடித்ததும் டீச்சர் குடையை விரித்துக்கொண்டு முன்னால் போவார். நான் மற்ற பிள்ளைகளோடு பின்னால் வரவேண்டும். சேர்ந்து நடக்கக் கூடாது. அவர் போய்ப் புகைவீட்டுத் தாழ்வாரத்தில் நின்று குடையை மடக்குவார். கடைசிப் பிள்ளையும் லயத்துப் பக்கம் திரும்பிய பிறகு நான் மேடேறி வருவேன். அப்போதுதான் முகம் மாறும்.

"வந்துட்டியா பாப்பா?"

கையைப் பிடித்துக்கொள்வாள். சாக்குக்கட்டித் தூள் பட்டு வறண்டுபோன விரல்கள். நடந்துகொண்டே கேட்பாள்: "பள்ளிக்கூடத்துல இன்னிக்கி என்னா சொல்லிக் குடுத்தாங்க?"

தானே சொல்லிக்கொடுத்துவிட்டு, எதுவுமே தெரியாதவள் போலத்தான் கேட்பாள். முதலில் எனக்குக் கோபம். இரண்டே நாளில் அதில் உள்ள வசதி புரிந்துவிட்டது. டீச்சரைப் பற்றி அம்மாவிடம் கோள் சொல்லலாம்!

"டீச்சர் என்னையத் திட்டிட்டாங்கம்மா."

"எந்த டீச்சரு?"

"அந்தக் கண்ணாடி போட்ட டீச்சரு."

"அந்தம்மாவா? ரொம்ப மோசம்லா அந்தம்மா. நாளைக்கு வந்து ஒரு வார்த்தை கேக்குறேன், இரு."

அப்பா திண்டாடுவார். ஒரே வீட்டில் எத்தனை பேருக்குத்தான் சோறு போடுவது, டீச்சரை வேண்டுமானால் பள்ளியிலேயே படுத்துக்கொள்ளச் சொல்லுங்கள் என்பார். இந்த விளையாட்டு ஆறு வருஷமும் நடந்தது. ஒருநாளும் அவள் கோட்டைத் தாண்டியதில்லை. பள்ளியில் தவறியும் பாப்பா என்றதில்லை. புகைவீட்டுக்கு அந்தப் பக்கம் தவறியும் என்னை அதட்டியதில்லை.

ஒன்றாம் வகுப்பில் கண்ணை மூடி ஜெபம் பண்ணச் சொல்லிக்கொடுத்தார் டீச்சர். அது சாமானிய வேலை இல்லை. பிள்ளைகள் கண்ணை மூடினால் தூங்கிவிடும். தூங்காதது திறந்து பார்க்கும். யார் திறந்து பார்த்தது என்று டீச்சர் கேட்டால், இன்னொரு பிள்ளை திறந்தது என்று கண்ணைத் திறந்து பார்த்த பிள்ளையே சாட்சி சொல்லும். கண்ணை மூடினால் பயமாக இருக்கிறது என்று ஒரு பெண்பிள்ளை அழுதபோது டீச்சர் அவளிடம் குனிந்து, மூடியிருக்கும்போது நான் எங்கேயும் போகமாட்டேன், நீ திறக்கும்போது இங்கேயேதான் நிற்பேன் என்றார். அந்த வருஷம் முழுவதும் ஆமென் சொல்லிக் கண் திறக்கும்போது அவர் நின்ற இடத்திலேயே நின்றுகொண்டிருந்தார்.

இரண்டாம் வகுப்பில் வாய்ப்பாடும் மேய்ப்பனைப் பற்றிய சங்கீதமும். எங்கள் பக்கத்தில் ஆடு உண்டு, மேய்ப்பன் கிடையாது. ஆடுகள் தாமாகப் போய்க் கிராணி வீட்டுக் கீரையைத் தின்றுவிட்டுத் தாமாகத் திரும்பும். எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் தண்டல்தான். விடிகாலையில் பெரட்டுக் களத்தில் வேலையாட்களை வரிசையாக நிற்கவைத்துப் பேர் கூப்பிடுகிறவர். ஒரு பையன் எழுந்து கேட்டான்: மேய்ப்பன்னா பெரட்டு எடுக்குற தண்டல் மாதிரியா டீச்சர்?

டீச்சர் சிரித்துவிட்டார். பிறகு கொஞ்சம் யோசித்துச் சொன்னார்.

"தண்டலு வராதவங்க பேரை வெட்டிட்டு வந்தவங்களக் கூட்டிக்கிட்டுப் போயிருவாரு. மேய்ப்பரு வராததுக்காக நிப்பாரு. அதான் வித்தியாசம்."

அன்றைக்கு அந்தப் பையனுடைய அப்பாவே தண்டல் என்பது டீச்சருக்கு நினைவில்லை போலிருக்கிறது. சாயங்காலம் அந்த மனிதர் வீட்டு வாசலில் வந்து நின்று, தான் யார் பேரையும் வேண்டுமென்று வெட்டியதில்லை என்று அப்பாவிடம் வருத்தப்பட்டுவிட்டுப் போனார்.

மூன்றாம் வகுப்பில் இங்கிலீஷ் வந்தது. வேதபாடத்தில் பத்துக் கட்டளை வந்தது. தாயையும் தகப்பனையும் கனம்பண்ண வேண்டும் என்பதற்கு நான் புகைவீட்டருகே சந்தேகம் கேட்டேன். டீச்சரை யாரும் கனம்பண்ணச் சொல்லவில்லையே, அப்படியென்றால் அந்தக் கண்ணாடிக்காரம்மாவுக்கு மரியாதை கொடுக்காவிட்டால் பாவம் இல்லைதானே? அம்மா நடையை நிறுத்திச் சிரித்த சிரிப்பில் கைக்குடை கீழே விழுந்தது. அப்படி அவள் சிரித்து நான் பிறகு அதிகம் பார்க்கவில்லை.

நான்காம் வகுப்பில் பேராக் மாநிலத்தை வரைய வேண்டும். வடக்கே பாரிட் புந்தாருக்கு நெல்வயல் பச்சை அடிக்க வேண்டும். பேராக் ஆற்றை நீலத்தில் இழுத்து, கோலா கங்சார் பக்கத்தில் சுல்தான் அரண்மனைக்கு ஒரு சின்னக் கிரீடம் போட வேண்டும். ஈப்போவுக்குச் சுண்ணாம்புக்கல் மலை. நான் எல்லாம் போட்டு, கடைசியில் ஆயர் தாவாருக்குப் பக்கத்தில் ஒரு கறுப்புப் பொட்டு வைத்துப் புகைவீடு என்று எழுதினேன். டீச்சர் அதைச் சிவப்பில் அடித்துவிட்டு, தேவையில்லாததை வரையக் கூடாது என்றார். மேடேறி வந்ததும் நான் அம்மாவிடம் முறையிட்டேன்.

அம்மா படத்தை வாங்கிப் பார்த்தாள். அடித்த இடத்தைக் கட்டைவிரலால் தடவினாள். "அந்த டீச்சருக்கு என்னா தெரியும்? பேராக்குலேயே முக்கியமான எடம் இதுதான்" என்றாள்.

ஐந்தாம் வகுப்பில் அரசாங்கப் பரீட்சை. அதற்காகக் கணக்குப் பாடத்தையும் டீச்சரே எடுத்துக்கொண்டார். வாத்தியார் பிள்ளை மக்கு என்ற பழமொழியை உண்மையாக்குவதற்கென்றே எனக்குப் பின்னக் கணக்கு வரவில்லை. அடியாத மாடு படியாது என்று நம்பிய காலம் அது. மற்ற பிள்ளைகளுக்கு விழுந்த அளவுக்கு எனக்கும் உள்ளங்கையில் விழுந்தது. கூடவும் இல்லை, குறையவும் இல்லை. வீட்டுக்கு வந்ததும் அம்மா தேங்காயெண்ணெய் எடுத்துச் சிவந்த கையில் தேய்த்துவிட்டாள். அடித்த கையும் எண்ணெய் போட்ட கையும் ஒன்றுதான் என்பது எனக்குத் தெரியும். ஆனால் எண்ணெய் போட்ட கையின் மேல் எனக்குக் கொஞ்சமும் கோபம் வரவில்லை. இரண்டு பேர் என்றே நான் முழுசாக நம்பத் தொடங்கியிருந்தேன் என்று நினைக்கிறேன்.

ஆறாம் வகுப்புப் பிள்ளைகள்தான் கிறிஸ்துமஸ் நாடகம் போட வேண்டும். ஒன்றாம் வகுப்பிலிருந்து நான் மரியாளாக வேண்டும் என்று காத்திருந்தேன். நீல முக்காடு, கையில் துணிப்பொம்மை, எல்லாரும் பார்க்க நடுவில் உட்கார்ந்திருப்பது. வசனம்கூடக் கிடையாது. டீச்சர் அந்த வேஷத்தைப் பால்மரம் வெட்டுகிறவரின் மகள் ஒருத்திக்குக் கொடுத்தார். ஜெபம் பண்ணக் கண்ணை மூடப் பயந்து அழுதாளே, அவள்தான். எனக்கு ஆட்டுக்குட்டி வேஷம். ஆறாம் வகுப்புப் பெண்ணுக்கு ஆட்டுக்குட்டி! அன்று நான் புகைவீட்டுப் பக்கம் வந்தும் பேசவில்லை. கையைக் கொடுக்கவில்லை. கொஞ்ச தூரம் போனபிறகு திரும்பிப் பார்த்தால் அம்மாவின் கண் கலங்கியிருந்தது.

"அந்த டீச்சரு செஞ்சது சரிதான் பாப்பா. அந்தப் பிள்ளைக்கு நடுவுல ஒக்கார இன்னொரு எடம் கெடைக்காது. ஆனா அம்மாவுக்கு வலிக்குது."

நான் கையைக் கொடுத்தேன்.

அதோடு அந்தப் பள்ளிக்கூடம் எனக்கு முடிந்தது. அடுத்த வருஷம் பஸ் ஏறி ரிமூவ் கிளாசுக்குப் போனேன். தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகள் மலாய் பழகுவதற்காக ஒரு வருஷம் கூடுதலாக உட்கார வேண்டிய வகுப்பு அது. அங்கே எனக்கு யார் யாரோ டீச்சர்கள். வீட்டில் இருபத்துநாலு மணிநேரமும் அம்மா. புகைவீட்டில் யாரும் யாருக்காகவும் காத்திருக்க வேண்டியதில்லை. நான் வளர்ந்து ஈப்போவில் ஒரு வக்கீல் ஆபீஸில் டைப்பிஸ்ட் ஆனேன். தோட்டத்தில் ரப்பரை வெட்டிச் சாய்த்துவிட்டு எண்ணெய் எடுக்கும் செம்பனை நட்டார்கள். லயத்து ஜனங்கள் ஒவ்வொரு குடும்பமாக டவுன் பக்கம் பிழைக்கப் போனார்கள். அப்பாவும் அம்மாவும் வேலையிலிருந்து ஓய்வு பெற்று, எண்பதுகளின் நடுவில் ஈப்போவுக்கு என்னோடு வந்துவிட்டார்கள்.

ஒருநாள் காலை பசாரில் காய்கறி வாங்கும்போது அம்மா கடைக்காரச் சீனக் கிழவரிடம் நேராக நிமிர்ந்து நிற்கச் சொன்னாள். தமிழில். கிழவர் சிரித்துக்கொண்டே நிமிர்ந்தார். நானும் சிரித்தேன். திரும்பி வரும்போது கடைவரிசை அஞ்சடி நடைபாதையில் நின்றுவிட்டாள். பிள்ளைகள் இன்னும் வரிசைக்கு வரவில்லை என்றாள். அப்போது எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மூளையில் சின்னச் சின்ன ரத்தக்குழாய்கள் அடைபட்டு வருகின்றன என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். பெரிய வாதம் வந்து கைகால் விழுந்தால் தெரிந்திருக்கும். இது சத்தம் போடாமல் வந்து கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக்கொண்டு போகிறது, போனது திரும்பி வராது என்றார் டாக்டர்.

முதலில் வீடு போயிற்று. இது யார் வீடு என்று கேட்டாள். பிறகு அப்பா போனார். அப்பாவைப் பள்ளிக்கூடம் பார்க்க வந்த இன்ஸ்பெக்டர் என்று நினைத்து, அவர் அறைக்குள் வந்தாலே எழுந்து நின்று வணக்கம் வைத்தாள். கல்யாணம் கட்டிய நாளிலிருந்து இப்போதுதான் எனக்கு மரியாதை கிடைத்திருக்கிறது என்று அப்பா வேடிக்கையாகச் சொன்னார். சொல்லிவிட்டுக் குளியலறைக்குப் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டு வெகுநேரம் வெளியே வரவில்லை.

அப்புறம் நான் போனேன்.

அன்று வேலை முடிந்து வந்து, "அம்மா, சாப்பிட்டிங்களா?" என்றேன். அவள் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாள். இன்னும் இரண்டு தரம் கூப்பிட்டேன். கைதொட்டுக் கூப்பிட்டேன். யாரையோ கூப்பிடுகிறார்கள் என்பதுபோல இருந்தாள். என்ன தோன்றியதோ தெரியவில்லை, "டீச்சர்" என்றேன். சட்டென்று திரும்பினாள்.

"என்னா பிள்ளே?"

அந்தக் குரலை நான் மறந்தே போயிருந்தேன். தெளிவான, கொஞ்சம் கண்டிப்பான குரல். வகுப்பின் கடைசி பெஞ்சுவரை கேட்கும். அம்மா போய்விட்டாள், டீச்சர் மட்டும் மிச்சம் இருந்தார்.

அதன்பிறகு எங்கள் வீடு பள்ளிக்கூடமாகிவிட்டது. டீச்சர் சாப்பிடுங்க என்றால் சாப்பிட்டார். டீச்சர் குளிக்கணும் என்றால் எழுந்து வந்தார். ஆரம்பத்தில் எனக்குப் பேராக் படம் வரையச் சொல்லி, ஆற்றை எங்கே தொடங்க வேண்டும் என்று விரல் வைத்துக் காட்டினார். சில மாதங்களில் பூகோளம் போயிற்று, கட்டளைகள் போயின, வாய்ப்பாட்டில் ஏழுக்கு மேல் தடுமாறினார். ஒன்றாம் வகுப்பு மட்டும் அசையாமல் இருந்தது. சாயங்காலம் ஆனால், கண்ணை மூடு, கையைக் கூப்பு என்பார். நான் மூடுவேன். ஆமென் சொல்லித் திறக்கும்போது எதிரே என்னையே பார்த்துக்கொண்டு நிற்பார். யாரைப் பார்க்கிறார் என்றுதான் தெரியாது.

மரியாளாக நடித்தவள் ஒருமுறை எங்களைத் தேடி வந்தாள். பாரிட் புந்தாரில் நர்சாக இருந்தாள். டீச்சரைப் பார்த்ததும் காலில் விழுந்து அழுதாள். அவளையும் டீச்சருக்கு அடையாளம் தெரியவில்லை. எங்கள் இரண்டு பேரையும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கவைத்து ஜெபம் சொல்லச் சொன்னார். சொல்லி முடித்ததும் அவள் கன்னத்தைத் தட்டிவிட்டு, என்னைக் காட்டி, "இது புதுப் பிள்ளை. யாரும் இல்லாம நிக்குது. நீ பாத்துக்க" என்றார். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். நான் அவள் தோளில் முகத்தை வைத்து அழுதேன். ஆறாம் வகுப்பில் அவள் மேல் இருந்த பொறாமையெல்லாம் எங்கே போயிற்றோ தெரியவில்லை.

எனக்கு ஒரே ஒரு ஆசைதான் இருந்தது. அம்மா குணமாக வேண்டும் என்றுகூட நான் கேட்கவில்லை, அது நடக்காது என்று தெரியும். ஒரே ஒரு தடவை பாப்பா என்று கூப்பிட வேண்டும். அதற்கு ஓர் இடம் உண்டே! ஆறு வருஷம் ஒருநாள் தவறாமல் டீச்சர் அம்மாவாக மாறிய இடம். அதை நினைத்த பிறகு எனக்கு வேறு எதிலும் மனம் போகவில்லை.

அப்பாவிடம் சொன்னேன்.

"வேணாம்லா. அங்க இப்ப பொகையும் இல்ல, மரமும் இல்ல. நீ போயி ஏமாந்துட்டு வருவ."

ஏமாந்தாலும் பரவாயில்லை என்றேன். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் இல்லாத விடுமுறை நாளில் ஒரு டாக்சி பிடித்து மூன்று பேரும் போனோம். வழியெல்லாம் செம்பனை. அம்மா வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள். பள்ளிக்கூடம் அதே இடத்தில் இருந்தது. பலகைச் சுவருக்குப் பாதி சிமெண்டு வைத்திருந்தார்கள். முட்டிவலி என்று அப்பா பள்ளி வாசல் பெஞ்சிலேயே உட்கார்ந்துவிட்டார். வலியா, பார்க்கத் தைரியம் இல்லையா என்று நான் கேட்கவில்லை.

நான் குடையை அம்மாவின் கையில் கொடுத்தேன். அவள் அதை விரித்தாள். யாரும் சொல்லாமலேயே செம்மண் பாதையில் திரும்பினாள். ஈப்போ வீட்டில் குளியலறைக்கு வழி தெரியாதவள், இங்கே ஒருமுறைகூட நின்று யோசிக்காமல் நடந்தாள். நான் பின்னால் நடந்தேன். அந்தக் காலத்தில் நடந்ததைப்போல, கொஞ்சம் தள்ளி. ஒருமுறை திரும்பிப் பார்த்து, ஓரமா வா பிள்ளே, லாரி வரும் என்றார். லாரி வந்து எத்தனையோ காலமாகிவிட்டது.

புகைவீடு நின்றுகொண்டிருந்தது. கூரைத் தகரத்தைக் கழற்றிக்கொண்டு போயிருந்தார்கள். பலகைகள் கறுத்து இற்றுப்போய், உள்ளே புல் முளைத்திருந்தது. கிட்டே போனால் நாற்றம் மட்டும் அப்படியே இருந்தது. தாழ்வாரம் இருந்த இடத்துக்குப் போய் அவள் நின்றாள். குடையை மடக்கினாள். பாதையைப் பார்த்துத் திரும்பினாள்.

நான் மேடேறி வந்து அவள் முன்னால் நின்றேன். கையை நீட்டிக்கொண்டுதான் நின்றேன், சின்னப்பிள்ளை போல. அவள் என்னைப் பார்த்தாள். முகம் மாறியது. சத்தியமாக மாறியது. அந்தக் கண்டிப்பு போய், நான் இத்தனை நாள் தேடிய முகம் வந்தது. என் அம்மா வந்துவிட்டாள்.

"நீ போ பிள்ளே" என்றாள். "ஒங்கம்மா மரத்துலேருந்து வந்துருப்பாங்க, தேடுவாங்க. எம் பாப்பா பின்னால வருது. அதக் கூட்டிக்கிட்டுத்தான் நான் போவேன்."

"நான்தாம்மா பாப்பா" என்றேன். "பாருங்கம்மா, நான்தான்."

அவள் இரக்கத்தோடு சிரித்தாள். என் தலையைத் தடவிவிட்டு, போ, பசிக்கும் என்றாள். பிறகு எனக்கு அப்பால் பாதையைப் பார்க்கத் தொடங்கினாள்.

நான் திரும்பி இறங்கி நடந்தேன். வளைவில் ஒரு செம்பனைக்குப் பின்னால் நின்று வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன். அப்புறம் முகத்தைத் துடைத்தேன். செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு மேட்டில் ஓடி வந்தேன். பள்ளிவிட்டு ஓடிவரும் பிள்ளை எப்படி ஓடுமோ அப்படி. அம்மா அம்மா என்று கூப்பிட்டுக்கொண்டே ஓடினேன். இப்படி வந்தாலாவது தெரியாதா என்று ஒரு நப்பாசை.

மூச்சு வாங்க அவள் எதிரில் வந்து நின்றபோது அவள் கண்ணில் கவலை ஏறியிருந்தது. நேரமாகிறதே என்ற கவலை. பிள்ளையைக் காணோமே என்ற கவலை. எனக்காகத்தான் அந்தக் கவலை.

"பள்ளிக்கூடத்துல இன்னும் யாராச்சும் இருக்காங்களா பிள்ளே?"

"ஒரு பிள்ளை இருக்கு டீச்சர்" என்றேன். "வந்துக்கிட்டு இருக்கு."

"வரட்டும்" என்றாள். "நான் நிக்கிறேன்."

வெயில் நேராக அவள் தலையில் விழுந்தது. நான் அவள் கையிலிருந்து குடையை வாங்கி, விரித்து, அவளுக்குப் பிடித்தேன். இரண்டு பேரும் பள்ளிக்கூடத்துப் பாதையைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.